தப்பு எழுதும் பக்கம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து வெங்கடாசலம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டாலே சங்கீதா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆபீஸ் மூலையில் நிற்கும் தண்ணீர்க் கேனிலிருந்து சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு மனிதர் ஜன்னலருகே போவார். தொண்டையில் அதை உருட்டி, காறி, கீழே உரக்கடையின் தகரக் கூரைமேல் துப்புவார். ஒரு சொம்பு போதாது, மூன்று வேண்டும். பிறகு டிபன் பாக்ஸுக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக்கு அரை. அது 2005 மே மாதம். மரக்காணத்தில் ஜனங்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நல்ல தண்ணீர் லாரிக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். டீம் லீடர் என்றால் கேனைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆபீஸ் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போன், மூன்று பேர். டென்மார்க்கில் ஒரு கம்பெனி உப்பளத்துக்கென்று ஒரு கருவி செய்திருந்தது. பாத்தியில் சென்சார் கம்பி ஒன்றை நட்டுவிட்டால், உப்புத்தண்ணீர் வெயிலில் வற்றி எத்தனை டிகிரி முற்றியிருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் காட்டும். அதற்கான புரோகிராமை அவர்கள் எழுதினார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டு இங்கே ஆள் கொடுத்தது. போர்ச்சுகல்லில் ஓர் உப்பளத்திலும் இதே சோதனை நடந்துகொண்டிருந்தது. மூன்று தேசத்தில் சிதறிக் கிடந்தாலும் எல்லோரும் ஒரே டீம் என்று டென்மார்க்காரர்கள் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் நம்பவும் செய்தார்கள், அதுதான் கஷ்டம்.

சங்கீதா இடையஞ்சாவடிப் பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, பக்கத்தில் ஊதுபத்தி யூனிட் ஒன்றில் இரண்டு வருஷம் பெட்டி ஒட்டினாள். அங்கே வந்துபோகும் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி இங்கிலீஷ் வந்தது. அந்த இங்கிலீஷ்தான் அவளை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது. ரிப்போர்ட் எழுதுவது, மெயில் அனுப்புவது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் டென்மார்க்கிலிருந்து போன் வரும்போது குறிப்பெடுப்பது எல்லாம் அவள்.

மூன்றாவது ஆள் இருசப்பன். நாற்பது வயது. அனுமந்தைக்காரன். பதினைந்து வருஷம் உப்பளத்தில் கூடை தூக்கியவனை, பாத்தி விவரம் தெரியும் என்பதற்காகக் கம்பெனி எடுத்தது. கம்பி நடுவது, துடைப்பது, பேட்டரி மாற்றுவது அவன் வேலை. கம்பெனி கொடுத்த நீலச் சட்டையும் பேண்டும் ஷூவும் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போவான். கழுத்தில் நூல் கட்டி, கம்பெனிப் பெயர் போட்ட அட்டை தொங்கும். அந்த அட்டையை அவன் வீட்டிலும் கழற்றுவதில்லை என்று அவன் மனைவியே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

டென்மார்க் பக்கத்துக்குத் தலைவி கிர்ஸ்டன் என்கிற அம்மாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். வெங்கடாசலம் "ஓகே மேடம், ஷ்யூர் மேடம், இனிமே பேர் சொல்லியே கூப்பிடறோம் மேடம்" என்றார்.

அந்த அம்மாள் கொண்டுவந்ததுதான் தப்பு எழுதும் பக்கம். டீமில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் இணையப் பக்கம். வேலையில் யார் என்ன தப்பு செய்தாலும், செய்தவரே வந்து தன் பெயர் போட்டு அதில் எழுத வேண்டும். என்ன செய்தேன், ஏன் செய்தேன், அதனால் என்ன ஆயிற்று, மற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும். யாரையும் தண்டிக்க அல்ல, ஒருவர் பட்டதை இன்னொருவர் படாமல் இருக்க. முதல் தப்பை கிர்ஸ்டனே எழுதினார். போர்ச்சுகல்லுக்குக் கேபிள் அனுப்பும்போது அளந்து பார்க்காமல் நாற்பது மீட்டர் குறைவாக வெட்டிவிட்டாராம். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று அவரே எழுதியிருந்தார். கீழே நான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

சங்கீதா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். தன் மானத்தைத் தானே கொடியில் காயப்போட்டு, பார்ப்பவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவதா? ஆனால் படிக்கப் படிக்க அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே யாரும் யாருக்கும் பயப்படவில்லை. அப்படி ஓர் ஆபீஸ் இருக்க முடியும் என்பதே அவளுக்குப் புதுசு.

வெங்கடாசலத்துக்கும் பிடித்தது, வேறு விதமாக. தினம் காலையில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, யார் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று பச்சை இங்கியில் கோடு போட்டு ஒரு ஃபைலில் சேர்த்துவைத்தார். "எதுக்கு சார்?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா. வெள்ளக்காரன் தன் வாயாலயே குடுக்கறான். நாளைக்கு நம்மள எதாவது கேட்டான்னு வைய்யி, இத எடுத்துக் காட்டலாம்ல" என்றார். மற்றவர்கள் பாடம் படிக்க எழுதியதை ஜாமீன் பத்திரம் மாதிரிப் பூட்டிவைக்கிற புத்தி எங்கிருந்துதான் வருமோ. தன் தப்பு என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. மரக்காணத்திலிருந்து ஒன்றும் வரவில்லையே என்று கிர்ஸ்டன் போனில் கேட்டால், "எங்க பக்கம் ஒரு பிரச்சினையும் இல்ல மேடம், எல்லாம் ஸ்மூத்" என்பார்.

மே மாதம் மூன்றாவது வாரம் அந்த ஸ்மூத் முடிந்தது.

சென்சார் கம்பியை வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும் என்று டென்மார்க் புத்தகத்தில் போட்டிருந்தது. இங்கே அடிக்கிற வெயிலில் ஒரே நாளில் கம்பிமேல் உப்பு ஏடு கட்டிக்கொள்ளும் என்று இருசப்பன் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டான். யாரும் சொல்லாமலே தினம் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் நல்ல தண்ணீரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு கம்பிகளையும் கழுவினான். இது யாருக்கும் தெரியாது. எழுதவேண்டிய விஷயம் என்று அவனுக்கும் தோன்றவில்லை. பாத்தியில் கிடக்கிற எதையும் கழுவத்தான் வேண்டும், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வாரம் நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. இருசப்பன் மாடியேறி வந்து வெங்கடாசலத்திடம் கேட்டான்.

"சார், கம்பி கழுவ ஒரு கொடம் தண்ணி வேணும் சார். கேன்ல இருந்து எடுத்துக்கவா? நாளைக்கு லாரி வந்ததும் ரொப்பிடறேன்."

"இன்னாப்பா நீ? அது குடிக்கற தண்ணி. ஆபீஸுக்கு யார்னா பெரிய மனுஷங்க வந்தா இன்னா குடுக்கறது? கம்பிக்கு மினரல் வாட்டரா கேக்குது? அங்க பாத்தியில கெடக்கற தண்ணியிலயே அலசு, போ."

இதைச் சொல்லி முடித்தவர் கையில் சொம்பு இருந்தது. இருசப்பன் படியிறங்கும்போது ஜன்னல் பக்கம் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. சங்கீதா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இருசப்பன் உப்புத்தண்ணீரிலேயே கம்பிகளை அலசினான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. ஏட்டின்மேல் ஏடு கட்டியது. கம்பிகள் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்ல ஆரம்பித்தன. முற்றாத தண்ணீரை முற்றிவிட்டதென்று காட்டின. பாத்திகளின் சொந்தக்காரர் கலியமூர்த்தி, இந்த மிஷின் வந்த நாளிலிருந்து டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் பரண்மேல் போட்டுவிட்டவர். ஆபீஸ் திரையில் எண்ணைப் பார்த்து மடையைத் திறந்தார். முற்றாத தண்ணீர் கடைசிப் பாத்திகளுக்குப் பாய்ந்து, அடியில் சுண்ணாம்புபோல் படிந்து, உப்பு அழுக்கு நிறத்தில் விளைந்தது. நான்காம் நாள் இருசப்பனுக்குத்தான் சந்தேகம் தட்டியது. பரணிலிருந்து குழாயை எடுத்துவந்து தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தவன், வெயிலில் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் எட்டுப் பாத்தி போய்விட்டது.

மறுநாள் வெங்கடாசலம் திண்டிவனம் போயிருந்த சமயம் பார்த்து அவன் மாடியேறி வந்தான்.

"நான்தாம்மா கெடுத்தேன். சொல்லிட்டா மனசு லேசாவும். யார்கிட்ட சொல்றது?"

சங்கீதாவுக்குச் சந்தோஷமே வந்தது. இப்படி ஒரு நாளுக்காக அந்தப் பக்கம் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கிர்ஸ்டனின் கேபிள் கதையை அவனுக்குச் சொன்னாள். நாற்பது மீட்டர் குறைத்து வெட்டிய அம்மாளுக்கு நான்கு பேர் நன்றி சொன்னதைச் சொன்னாள். இருசப்பன் நம்பாமல் கேட்டான்.

"தப்பு பண்ணேன்னு சொன்னா திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்கண்ணா. அவங்க ஊருல அப்பிடித்தான். எழுதினா நல்லதுதான். தினம் நல்ல தண்ணில கழுவணும்னு நீங்க கண்டுபிடிச்சீங்க பாருங்க, அது அவங்க யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல போடறேன்."

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஏடு கட்டுவது, குடம், லாரி வராதது எல்லாம் வந்தது. சங்கீதா வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தாள். "அப்பறம் சார்கிட்ட வந்து கேன் தண்ணி கேட்டேன். குடுக்கல. பாத்தித் தண்ணியிலயே அலசுன்னாரு" என்றான். அவள் விரல்கள் நின்றன.

"அத வேணாம்ணா."

"ஏம்மா? நடந்ததுதான?"

"நடந்ததுதான். ஆனா சார் தினம் படிக்கறாரு. பெரியவங்கள எழுத்துல இழுத்துவுட்டா உங்களுக்குத்தான் பிரச்சினை. அவங்களுக்கே புரியும்."

யாருக்குப் புரியும்? அவள் வளர்ந்த விதம் அது. வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து பானையை உடைத்தால், அம்மா பக்கத்து வீட்டில் "பானை கீழ வுழுந்து ஒடஞ்சிபோச்சு" என்றுதான் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் புரியும். யாரும் யாரையும் குறை சொல்லாமல் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். அந்த மரியாதையைத்தான் அவள் டென்மார்க்குக்கு அனுப்பினாள். 'அன்று நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை' என்று எழுதி, மேலே இருசப்பன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஏற்றினாள். அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள்.

அன்று சாயங்காலமே டென்மார்க்கிலிருந்தும் போர்ச்சுகல்லிலிருந்தும் பதில்கள் குவிந்தன. இத்தனை நாள் தங்கள் எண்களும் ஏன் தாறுமாறாக வந்தன என்பது இப்போதுதான் புரிகிறது என்று போர்ச்சுகல்காரன் ஒருவன் எழுதியிருந்தான். கிர்ஸ்டன் நன்றி சொல்லிவிட்டுக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நல்ல தண்ணீர் ஏன் கிடைக்கவில்லை?

அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டாத கேள்வி. சங்கீதாவுக்கு உடம்பு சுட்டது. திண்டிவனத்திலிருந்து திரும்பிய வெங்கடாசலம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று முழுசையும் படித்தார். அவர் பெயர் எங்கும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. "சம்மர். ஊரு பூரா தண்ணிப் பஞ்சம்னு போடும்மா" என்றார். போட்டாள். அவர் பிரிண்ட் எடுத்தார். இந்தத் தடவை பச்சை இங்கியால் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கலியமூர்த்தி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். எட்டுப் பாத்திக்கு யார் பதில் சொல்வது, சென்னைக்கு எழுதட்டுமா, கலெக்டரிடம் போகட்டுமா என்றெல்லாம் கேட்டார். வெங்கடாசலம் அவருக்குக் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு ஃபைலைத் திறந்தார்.

"கம்பெனி மேல ஒரு தப்பும் இல்லீங்க. பாருங்க, அவனே எழுதிக் குடுத்திருக்கான். பேரு போட்டிருக்குது பாருங்க. இருசப்பன்."

கலியமூர்த்திக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பச்சை வட்டத்தைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. "என் அளத்துல கூடை தூக்கனவன். பேண்டு மாட்டிக்கினு ஷூவோட வரப்புல நடக்கும்போதே நெனச்சேன்" என்றார். எட்டுப் பாத்தி உப்பைவிட அந்த ஷூதான் அவரை உறுத்தியிருக்கிறது என்பது சங்கீதாவுக்கு அப்போது விளங்கியது. விளங்கி என்ன பயன்?

இருசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெங்கடாசலம் காகிதத்தை அவன் முன்னால் தள்ளி, "நீயே ஒத்துக்கினது. நான் இன்னா பண்ண முடியும் சொல்லு?" என்றார், வருத்தப்படுகிறவர்போல. மனிதர் உச்சுக்கொட்டக்கூடச் செய்தார். அட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார். இருசப்பன் கழற்றினான். நூல் காதில் மாட்டிக்கொண்டதால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பிறகு சங்கீதாவைப் பார்த்துக் கேட்டான்.

"எழுதினா நல்லதுன்னு சொன்னியேம்மா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஏதோ ரூல் மாறிப்போய்விட்டதா என்று விசாரிப்பதுபோல் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். சார் தண்ணி குடுக்கலைன்னு நான்தான் எழுதாம வுட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கலியமூர்த்தி இருந்தார். வெங்கடாசலம் இருந்தார். இந்த வேலை போனால் மறுபடி ஊதுபத்திப் பெட்டி ஒட்டவேண்டும் என்பதும் அந்த அறையிலேயே ஓர் ஆளாக நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது. கிர்ஸ்டனின் குரல் உற்சாகமாக இருந்தது. தினமும் நல்ல தண்ணீரில் கழுவுவது என்ற விதியைப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்களாம். ஒவ்வொரு செட்டோடும் சின்ன நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் அனுப்பப்போகிறார்களாம். டீமில் எல்லோரும் அதற்கு 'இருசப்பன் முறை' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். போர்ச்சுகல்காரன் குறுக்கே வந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். பாதிதான் வந்தது, சிரித்தான்.

"இருசப்பன் இருக்கிறாரா? அவரிடம் பேசலாமா?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"உப்பளத்துலதான் இருக்காரு மேடம்" என்றார் வெங்கடாசலம்.

பொய் இல்லை. இருசப்பன் அப்போது கலியமூர்த்தியின் அளத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். வேலையை விட்டுத் துரத்தவைத்த கையோடு அவரே அவனைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். பேண்ட் இல்லாத இருசப்பன்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. சங்கீதா நோட்டில் குறிப்பெடுத்தாள். இருசப்பன் முறை, தொட்டி, புத்தகம் என்று மூன்று வரி. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெங்கடாசலம் நன்றாகச் சாப்பிட்டார். மூன்று சொம்பு கொப்பளித்தார்.

அதன் பிறகு மரக்காணத்திலிருந்து தப்புப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. புதிதாக வந்த ஆள் பேட்டரியைத் தலைகீழாக மாட்டி இரண்டு கம்பியை எரித்தான். தண்ணீரில் விழுந்துவிட்டது என்று கணக்கு முடித்தார்கள். சங்கீதா தினமும் டென்மார்க்காரர்களின் தப்புகளைப் படித்தாள். முன்பெல்லாம் பிடித்தது, இப்போது எரிச்சல் வந்தது. தப்பு செய்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுதுகிற எழுத்து. கொழுப்பு என்று நினைத்தாள். அவர்களைத் திட்டுவது சுலபமாக இருந்தது. தன் பானைக் கதையை நினைக்கும்போது மட்டும் திட்டு பாதியில் நின்றுவிடும்.

2006 பிப்ரவரியில், புது சீசன் தொடங்கியதும் கிர்ஸ்டன் நேரிலேயே வந்தார். வெங்கடாசலம் பேனர் கட்டினார். ரோஜா மாலை, இளநீர், பட்டுச் சால்வை. வெள்ளைப் பருத்திச் சட்டை போட்ட அந்த நெட்டையான அம்மாள் மாலையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டதே இருசப்பனைத்தான். வெங்கடாசலம் தயாராக இருந்தார்.

"அவருக்குக் கொழந்தைக்கு மொட்டை போடற வேண்டுதல் மேடம். குடும்பத்தோட திருப்பதி போயிருக்காரு. ரொம்ப வருத்தப்பட்டாரு உங்கள பாக்க முடியலன்னு."

ஒரு நொடி யோசிக்காமல், கண் இமைக்காமல், கையைக் கூப்பிக்கொண்டே சொன்னார். சங்கீதா தரையைப் பார்த்தாள். கிர்ஸ்டன் பையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அச்சடித்த கைடு. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருசப்பன் பெயர். அவர் கையில் கொடுக்கவேண்டும் என்றே கொண்டுவந்தாராம். பிறகு கம்பிகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

அளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருசப்பன் வந்தால் அன்றைக்கு மட்டும் தள்ளி இருக்கச் சொல்லும்படி வெங்கடாசலம் கலியமூர்த்திக்கு முன்கூட்டியே போன் போட்டிருந்தார். ஆனால் வெள்ளைக்கார அம்மாளைத் தன் வரப்பில் பார்த்த பெருமையில் கலியமூர்த்திக்கு அது மறந்துபோயிற்று. அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், கிர்ஸ்டன் வாயிலிருந்து வந்த இருசப்பன் என்ற பெயர். திரும்பி, கை நீட்டிக் கூப்பிட்டார்.

"டேய் இருசப்பா! கூடைய எறக்கிட்டு வாடா. உன்னத்தான் கேக்கறாங்க."

தலையில் சும்மாடு, இடுப்பில் ஏற்றிக் கட்டிய லுங்கி, முழங்கால் வரை சேறு. கூடையை இறக்கிவிட்டு அவன் வந்து நின்றான். கம்பெனி அட்டையோடு ஒரு போட்டோ எப்போதோ அனுப்பியிருந்ததால் கிர்ஸ்டன் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, திருப்பதியிலருந்து எப்பப்பா வந்த?" என்றார் வெங்கடாசலம், பல்லெல்லாம் தெரிய.

இருசப்பன் அவரைப் பார்த்தான். கிர்ஸ்டன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். உப்பில் வெடித்த கை. புத்தகத்தை விரித்து அவன் பெயரைக் காட்டினார். அவர் வேகமாக இங்கிலீஷில் பேச, சங்கீதா தமிழில் சொன்னாள்.

"உங்களாலதான் மூணு ஊரு அளத்துலயும் கம்பி ஒழுங்கா வேல செய்யுதாம். உங்க தைரியத்துக்கு நன்றி சொல்றாங்க."

"எதுக்கு?"

"தைரியத்துக்கு."

அவன் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஈரமா இருக்குது, அப்பறம் வாங்கிக்கறேன் என்றான். கிர்ஸ்டன் சுற்றிலும் பார்த்தார். கூடை, சும்மாடு, சேறு. கம்பெனி ஆள் ஏன் உப்பு சுமக்கிறார் என்று சங்கீதாவைக் கேட்டார்.

வெங்கடாசலம் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தால் அவளுக்கே தெரியவில்லை. அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள், அந்தப் பக்கத்தில் எழுதியதற்காக, என்றாள். தண்ணீர் கேனில் இருந்தது, இவர்தான் கொடுக்கவில்லை, அந்த வரியை நான்தான் எழுதாமல் விட்டேன், என்றாள். ஒன்பது மாதம் தொண்டையில் கிடந்தது நான்கு வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது.

கிர்ஸ்டனின் முகம் சிவந்தது. வெங்கடாசலம் "ஸ்மால் மிஸ்அண்டர்ஸ்டேண்டிங் மேடம், சென்னை டெசிஷன் மேடம்" என்று நெளிந்தார். கிர்ஸ்டன் அவரைக் கையமர்த்திவிட்டுப் பாத்திப் பக்கம் திரும்பினார். சங்கீதா காத்திருந்தாள். இப்போது ஏதாவது நடக்கும். நடந்தே ஆகவேண்டும்.

"இங்கே ஆள் வைப்பதும் எடுப்பதும் சென்னைக் கம்பெனியின் உரிமை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதில் நான் தலையிட முடியாது" என்றார் கிர்ஸ்டன். பிறகு சங்கீதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமான நீர். "ஆனால் நீங்கள் சொன்னது மிக முக்கியம். டீம் முழுவதும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். தயவுசெய்து இதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பெயரில். ஒன்றையும் விடாமல்."

சங்கீதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது புளித்துப்போயிற்று. ஒருவன் வயிற்றில் அடித்ததையும் பாடமாக்கி வரிசையில் சேர்க்கச் சொல்கிறாள் இந்தப் பெண்மணி, அதுவும் கண் கலங்கி. கீழே நான்கு பேர் நன்றி சொல்வார்கள். வெங்கடாசலம் பிரிண்ட் எடுப்பார்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்று இருசப்பன் கேட்டான்.

"நடந்ததெல்லாம் எழுதச் சொல்றாங்கண்ணா. என் பேரு போட்டு."

அவன் சும்மாட்டை அவிழ்த்து உதறி மறுபடி சுற்றினான்.

"ஒரு தடவ நீ எழுதனது போதும்மா. இன்னொரு தடவ எழுதினா நீயும் இங்க வந்து கூடை தூக்கணும். உன்னால முடியாது. வுடு."

சொல்லிவிட்டுக் கூடையை நோக்கி நடந்தான். அந்த 'வுடு' காதில் விழுந்ததும் சங்கீதாவின் உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. அவனே சொல்லிவிட்டான், இனி எழுதவேண்டியதில்லை. அந்த நிம்மதியைத் தன்னிடம் கண்டுகொண்ட மறு நொடி அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அவர் என்ன சொன்னார்?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

வெங்கடாசலம் அவள் முகத்தையே பார்த்தார். கலியமூர்த்தியும் பார்த்தார்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்றாள் சங்கீதா. ஒரு நொடி யோசிக்கவில்லை, கண் இமைக்கவில்லை.

கிர்ஸ்டன் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.